வந்தவர் இருந்தால்தான் நான் போகலாம்

புகைபோட்ட ரப்பரின் வாடை. ஜொகூர் பாருவில் பாலத்தின் இந்த முனையில், சிங்கப்பூருக்குப் போகும் லோரிகள் வரிசையாக நின்றுவிட்டால் காற்றே கனத்துப் போகிறது. நேற்றும் அப்படித்தான். என் பஸ்ஸுக்கு முன்னால் ஒரு லோரி, அதில் அடுக்கடுக்காகத் தேன் நிறத்து ஷீட்டுகள். வெல்லப்பாகு அடிப்பிடித்ததுபோல, ஈர விறகு புகைந்து புகைந்து ஓய்ந்ததுபோல ஒரு வாடை. பக்கத்தில் இருந்தவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்கு அதற்கும் அலுப்பு. அந்த வாடை என்னை இழுத்துக்கொண்டுபோய் வடக்கே ரெங்கம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில், என் பத்தொன்பதாவது வயதில், ஒரு மனிதருக்கு முன்னால் நிறுத்திவிட்டது.

அவர் சாப்பிட்டாரா, சரியாகத் தூங்கினாரா, முகம் வாடியிருக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே ஆறு மாதத்தைக் கழித்தவன் நான். கல்யாண வீட்டில் சம்பந்தியைக்கூட அப்படி யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

விஷயம் இதுதான். சென்னை ராஜதானியில் ஒரு சர்வகலாசாலை. பல்கலைக்கழகம் என்ற சொல் அப்போது எங்கள் வாய்க்கு வரவில்லை. அந்தச் சர்வகலாசாலைக்கும் எங்கள் பக்கத்துத் தோட்டத் துரைமார் சிலருக்கும் ஓர் ஏற்பாடு. அங்கே விவசாயம் படிக்கும் மாணவர் ஒருவர் இங்கே வந்து ஆறு மாதம் தங்கி, ரப்பர் மரத்தின் மண்ணையும் வேர் நோயையும் படிக்க வேண்டும். அதற்கு ஈடாக இங்கே தோட்டத்து உத்தியோகஸ்தர் வீட்டுப் பிள்ளை ஒருவன் அங்கே போய் மூன்று வருஷம் படிக்கலாம். படிப்பும் சாப்பாடும் தங்குமிடமும் அவர்கள் பொறுப்பு. நிபந்தனை ஒன்றே ஒன்று: வந்தவர் தம்முடைய ஆறு மாதத்தை முழுசாக முடித்தார் என்று தோட்டத்துச் சான்றுக் கடிதம் அங்கே போய்ச் சேர வேண்டும். அதற்குப் பிறகுதான் இங்கிருந்து போகிறவனுக்கு இடம்.

அந்தப் போகிறவன் நான். என் அப்பா அந்தத் தோட்டத்தின் பெரிய கிராணி. ஆபீஸ் புத்தகங்கள் எல்லாம் அவர் கையெழுத்து. நான் ஜொகூர் பாருவில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சீனியர் பரீட்சை தேறிவிட்டு, அப்பாவின் ஆபீசிலேயே கடிதங்களுக்கு நகல் எடுத்துக்கொண்டு காத்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் யாரும் அவ்வளவு தூரம் படித்ததில்லை. அவ்வளவு தூரம் காத்திருந்ததும் இல்லை.

செய்தி பெரட்டுக் களத்துக்குப் போய்விட்டது. காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடும் அந்தக் களத்துக்குத் தெரியாத ரகசியம் தோட்டத்தில் கிடையாது. புல்வெட்டுக் கங்காணி அப்பாவிடம் கேட்டார்.

"என்னங்க கிராணியாரே, ஒரு ஆளக் குடுத்து ஒரு ஆள வாங்குறாங்களாமே? அதத்தான நாங்க இத்தன வருஷமா கப்பல்ல ஏத்தி எறக்கிக்கிட்டு இருக்கோம். எங்களுக்கு ஒருத்தனும் பட்டம் குடுக்கலியே!"

"உங்க ஆளு திரும்பிப் போறதில்ல கங்காணி. இவங்க ஆளு திரும்பிப் போவாங்க. பட்டம் அதுக்குத்தான்" என்றார் அப்பா.

களம் சிரித்தது. அப்பாவும் சிரித்தார். அவரும் திரும்பிப் போகாத ஆள்தான்.

வந்தவர் ரெங்கம் ஸ்டேஷனில் இறங்கியபோது மழை. ஒரு தகரப்பெட்டி, மண்ணைத் துளைத்து எடுக்கும் நீளமான இரும்பு ஆயுதம் ஒன்று, விரியாத ஒரு குடை. என்னைவிட மூன்று நான்கு வயது கூட இருக்கும். நல்ல நிறம், நல்ல பற்கள், நனைந்தபோதும் கலையாத தலைவாரல். பரம்பரை மிராசுக் குடும்பம் என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள். மாட்டுவண்டியில் ஏறும்போது செருப்பிலிருந்த செம்மண்ணைக் குனிந்து விரலால் எடுத்து, உருட்டி, முகர்ந்து பார்த்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த நிமிஷத்தில்தான். அதை இன்றைக்கும் மறைக்கத் தோன்றவில்லை.

எங்கள் கிராணி வீட்டின் முன்னறையை அவருக்கு விட்டுக்கொடுத்தோம். இரண்டு தங்கைகளும் அம்மாவும் பின்கட்டுக்குப் போனார்கள். அம்மா அவருக்கென்று தனிப் பாத்திரம் வைத்து, கருவாட்டை வீட்டுக்குள்ளேயே சேர்ப்பதில்லை என்று ஆறு மாதத்துக்குச் சபதம் எடுத்துக்கொண்டாள். அப்பாவுக்குக் கருவாடு இல்லாமல் சோறு இறங்காது. இறக்கினார்.

முதல் வாரம் அட்டைக்கடி. இரண்டாம் வாரம் மழை. மூன்றாம் வாரத்தில், "தம்பி, இந்த ஊர்ல வெயில்னு ஒண்ணு உண்டா, இல்ல நீங்க எல்லாரும் கேள்விப்பட்டதோட சரியா?" என்று கேட்டார். நான் பதறிப்போய், வரும் வாரம் வெயில் நிச்சயம் என்று வாக்குக் கொடுத்தேன். வெயிலுக்கும் நான் ஜவாப்தாரி. விடியுமுன் ஆட்களை எழுப்பக் கொம்பு ஊதும் சத்தத்தில் அவர் தூக்கம் கெட்டதற்கும், ஸ்டோரில் ரப்பர் பாலை உறைய வைக்கும் புளித்த வாடையில் அவருக்கு வயிறு புரண்டதற்கும், ஊரிலிருந்து அவருக்குக் கடிதம் வராததற்கும் நானே ஜவாப்தாரி. அவர் தகரப்பெட்டியைத் திறந்து சட்டைகளை மடிக்க ஆரம்பித்தால் நான் வாசற்படியில் நின்று எண்ணுவேன். வெறுமனே மடிக்கிறாரா, கிளம்புகிறாரா? பத்தொன்பது வயதில் ஒருவனுடைய வருங்காலம் இன்னொருவரின் ஜீரணத்தில் இருந்தது. அந்தக் களைப்பு அப்போது என் உடம்பில் ஏறியது. இன்னும் இறங்கவில்லை என்றே நினைக்கிறேன்.

ஆனாலும் வேலை செய்யும்போது அவர் வேறு ஆள். பால் வெட்டும் மரங்களுக்கு நடுவே முழங்கால் மண்டியிட்டு, அந்த இரும்பை முறுக்கி இறக்கி, மேல்மண், அடிமண், அதற்கும் அடியில் வெளுத்த களி என்று வாழையிலையில் வரிசையாக வைப்பார். செத்த வேரை நீளவாக்கில் பிளந்து, அதில் ஓடும் வெள்ளை நூலைக் காட்டி, "பாத்தியா, மரம் மேல பச்சையா நிக்கும், கீழ எல்லாம் முடிஞ்சிருக்கும்" என்பார். புல்வெட்டும் பெண்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

"ஏன் சாமி, மண்ணத் தோண்டத்தான் இம்புட்டுப் படிப்பா? எங்களக் கேட்டிருந்தா ஊர்லயே கத்துக் குடுத்திருப்போமே!" என்று ஒருத்தி கேட்டாள்.

"நீங்க கத்துக் குடுத்தா பட்டம் தர மாட்டாங்களே அம்மா" என்றார் அவர். அன்று முழுவதும் சிரித்த முகமாக இருந்தார். நான் அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மூன்றாம் மாதம் ஜுரம் வந்தது. குளிர் நடுக்கிக் கட்டில் ஆடியது. ரயில் பாதையில் வெள்ளம் ஏறி வண்டி நின்றிருந்தது. ஜொகூர் பாரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே மருந்துக்குப் பொறுப்பான டிரெஸ்ஸர் கையைப் பிசைந்தார்.

"கிராணியாரே, செக்ரோல் நம்பர் இல்லாத ஆளுக்குக் கட்டில் குடுக்கக் கூடாது. வாராவாரம் டாக்டர் வந்து நம்பரப் பாத்துத்தான் க்வினைன் கணக்குல கையெழுத்துப் போடுவாரு. நம்பர் கொண்டாங்க, இப்பவே படுக்க வைக்கிறேன்."

செக்ரோல் என்பது தோட்டத்துக் கூலி ஆட்களின் பெயர்ப் புத்தகம். வேலையாள் ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர், ஒரு கும்பல், ஒவ்வொரு நாளுக்கும் ஒரு குறி. அப்பா பெரிய துரையின் பங்களாவுக்கு மழையிலேயே ஓடினார். பெரிய துரை வாசலில் நின்றபடியே, "செய், செய்" என்று சொல்லிவிட்டார். வாயால் சொன்னார். அப்பா ஆபீசைத் திறந்து, புல்வெட்டுக் கும்பலில் கடைசி வரியில், சர்வகலாசாலை மாணவரின் பெயரை எழுதினார். நம்பர் கிடைத்தது. கட்டில் கிடைத்தது. பன்னிரண்டு நாளில் மனிதர் எழுந்து உட்கார்ந்து ரசம் கேட்டார்.

பெயரை எழுதுவது சுலபம். எடுப்பதுதான் கஷ்டம். செக்ரோலிலிருந்து ஒரு பெயரை எடுக்க மூன்று காரணங்களில் ஒன்றை எழுத வேண்டும்: செத்தான், ஓடினான், கணக்குத் தீர்த்துப் போனான். முதல் இரண்டையும் அப்பாவின் கை எழுதாது. உயிரோடு ரசம் குடித்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் பெயருக்கு நேரே அந்தச் சொற்களை எழுதினால் பலித்துவிடும் என்று அவர் உண்மையாகவே பயந்தார். மூன்றாவதற்கு அந்த ஆளின் கைநாட்டு வேண்டும். சர்வகலாசாலையில் படிப்பவரிடம் போய், கட்டை விரலை மையில் தோயுங்கள் என்று எப்படிக் கேட்பது? கேட்டால் அவர் பெயர் கூலிப் புத்தகத்தில் ஏறியதும் தெரிந்துவிடும்.

"அவரு மனசு நோகும்டா. போற வரைக்கும் அப்படியே இருக்கட்டும். அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் அப்பா.

ஆனால் தினமும் ஒரு குறி போட்டாக வேண்டும். வேலைக்கு வந்தான் என்று போட்டால் அது பொய், சம்பளம் ஏறிவிடும். அப்பா அந்த விஷயத்தில் நெருப்பு. அதனால் ஒவ்வொரு நாளும் அந்தப் பெயருக்கு நேரே 'சீக்கு' என்று போட்டுவந்தார். அவர் குணமாகிக் காடு காடாகச் சுற்றி மண் எடுத்த நாள்களிலும் புத்தகத்தில் சீக்கு. மூன்று மாதமும் சீக்கு. நான் பக்கத்து மேசையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். சிரிப்பாகக்கூட இருந்தது.

பெரிய துரை சீமைக்கு லீவில் போனார். புதிதாகச் சின்னத் துரை ஒருவர் வந்தார். யார் எவர் என்று தெரியாது, புத்தகம்தான் தெரியும். ஆறாம் மாத முடிவில் சர்வகலாசாலையிலிருந்து அச்சடித்த தாள் வந்தது. இரண்டு கேள்விகள்: மாணவர் எந்த வேலையில் இருந்தார், எத்தனை நாள்? சின்னத் துரை யாரையும் கேட்கவில்லை. அந்தப் பெயர் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று தேடினார். ஒரே ஒரு புத்தகத்தில் இருந்தது. புல்வெட்டுக் கும்பலில் கூலி என்றும், சேர்ந்த நாள் முதல் சீக்கு என்றும் சுத்தமாகப் பூர்த்தி செய்து, காலைத் தபாலில் அனுப்பிவிட்டு, ஆபீஸ் பிரதியை என் மேசையில் போட்டார்.

நான் அதை இரண்டு தரம் படித்தேன். வந்தவர் ஆறு மாதத்தை முடிக்கவில்லை என்று அந்தத் தாள் சொன்னது. எனக்கு அங்கே இடமில்லை என்றும் அதே தாள் சொன்னது.

மாணவர் தம்முடைய உபயோகத்துக்கு அந்தத் தாளின் நகல் ஒன்று கேட்டிருந்தார். மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. என் கையாலேயே எழுதிக்கொண்டுபோய், மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தவரிடம் கொடுத்தேன். படித்தார். சோற்றில் வைத்த கையை எடுத்தார்.

"கிராணி சார், என் பேர கூலி செக்ரோல்ல ஏத்தினீங்களா?"

அப்பா எழுந்து நின்றார். "கட்டில் கெடைக்க வேற வழி இல்லீங்க. உங்களுக்கு அன்னிக்கு நெனவே இல்ல."

"எங்க வீட்டுல அறுவடைக்கு ஆள் வந்து நிக்கும். எங்கப்பா நாற்காலி போட்டு உக்காந்து பேர் கூப்பிடுவாரு. நான் பக்கத்துல இருந்து எழுதுவேன். அந்த மாதிரி ஒரு புத்தகத்துல என் பேரு! இது நேரா எங்க பிரின்சிபால் மேசைக்குப் போகும். அங்கேருந்து எங்கப்பாவுக்குப் போகும்."

அந்த நேரம் பார்த்து வந்த டிரெஸ்ஸர் வாசலிலிருந்தே சொன்னார். "அந்தப் புத்தகத்துல எழுதலேன்னா இந்நேரம் கல்லு மேல எழுதியிருப்பாங்க தம்பி. சோத்தத் தின்னுங்க."

அவர் தின்னவில்லை. நகலை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அம்மா அந்தத் தட்டைத் துணியால் மூடி வைத்தாள்.

அப்பா சாயந்திரம் சின்னத் துரையைப் பார்த்துவிட்டு வந்தார். பெரிய துரை வாயால் கொடுத்த உத்தரவுக்கு எழுத்து எங்கே என்று அவர் கேட்டிருக்கிறார். பிறகு ஒரு வழியும் சொல்லியிருக்கிறார்.

"புத்தகத்துல இருக்கிறது பொய்னு நான் எழுதிக் குடுத்தா போதுமாம். இவரு வேற கடுதாசி அனுப்புவாராம்" என்றார் அப்பா.

"எழுதிக் குடுத்தா?" என்று அம்மா கேட்டாள்.

"பொய் எழுதின கிராணிக்கு இந்தத் தோட்டத்துல வேலை இல்ல. வீடும் இல்ல."

தங்கைகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலை அப்பா கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, பேனாவில் மை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். துரையைப் பார்க்க மட்டும் போடும் கோட்டு. எழுதிக்கொடுக்கத்தான் கிளம்புகிறார் என்று புரிந்தது. கோட்டின் கையைப் பிடித்தேன்.

"வேணாம்பா. வந்திருக்கிற அண்ணனே எழுதுவாரு. நான் சீக்கா இல்ல, வேலைய முடிச்சேன்னு அவரே எழுதினா நம்ப மாட்டாங்களா? அவருக்கும்தான அரை வருஷம் போகுது."

"எழுதுவாராடா?"

"எழுதுவாரு."

அப்பா பேனாவை மூடினார். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அவர் தோள் தளர்ந்ததைப் பார்த்தேன். அது நிம்மதியா, ஏமாற்றமா? இத்தனை வருஷத்தில் பல தரம் யோசித்துவிட்டேன். தெரியவில்லை. அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்காமலே விட்டதில் அதுவும் ஒன்று.

அன்றே மாணவரிடம் போய், அந்தக் கடிதத்தை எழுதுவாரா என்று கேட்டேன். மண் மாதிரிகளைச் சீட்டு ஒட்டிக் கட்டிக்கொண்டிருந்தார். "பாக்கலாம் தம்பி" என்றார், தலை நிமிராமல். அதற்குப் பிறகு இருந்த எட்டு நாளும் அவர் அப்பாவிடம் மரியாதையாகவே பேசினார். அம்மாவின் சமையலைப் புகழ்ந்தார். நான் ஒவ்வொரு நாளும் அந்த 'பாக்கலாம்' என்பதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், அவர் வேரைப் பிளந்து பார்ப்பதுபோல.

கிளம்பும் நாள் நான்தான் ஜொகூர் பாரு வரைக்கும் துணை. ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். செடெனாக் ஸ்டேஷனைத் தாண்டும்போது பாதைக்காக வெட்டிய மேட்டில் மண் சிவந்து தெரிந்தது. "எவ்வளவு ஆழம் பாரு, ஒரே நெறம்" என்று சந்தோஷமாகக் காட்டினார். எனக்கு மண்ணைப் பார்க்கத் தெம்பில்லை. அவர் வாயைப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஜொகூர் பாருவில் இறங்கிப் படகுத்துறைக்கு நடந்தோம். அப்போது பாலம் இல்லை. அக்கரைக்குப் படகு, அங்கிருந்து மறுபடி ரயில், பிறகு கப்பல். தகரப்பெட்டியை நான் தூக்கிக்கொண்டேன். மண் மூட்டையை அவர் யாரிடமும் கொடுக்கவில்லை.

படகுத்துறையில் பலகை ஈரமாக இருந்தது. ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். பெட்டியைக் கீழே வைத்தேன்.

"அண்ணே, அந்தக் கடுதாசி..."

"எழுதிட்டேன் தம்பி."

"எப்ப அனுப்பினீங்க?"

"நீ நகல் குடுத்தியே, அன்னிக்கே. ரெங்கம் தபாலாபீசுக்கு நானே நடந்து போய்ப் போட்டேன்." தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உனக்கு வேண்டிய கடுதாசி இல்ல அது. மரியாதை தெரியாத எடம், இந்த ஏற்பாட்டையே விட்டுடுங்க, இனிமே ஆள் அனுப்பவும் வேணாம், வாங்கவும் வேணாம்னு எழுதிட்டேன்."

அப்பா கோட்டைக் கழற்றி மாட்டிய காலையில் அந்தக் கடிதம் ரயிலில் போய்க்கொண்டிருந்தது.

"இன்னொண்ணு எழுதலாமே அண்ணே. கோவத்துல எழுதினேன்னு."

"எழுதினேன். மூணு தரம் எழுதினேன், மூணையும் கிழிச்சேன். நான் சீக்கு இல்லேன்னு எழுதணும்னா, செக்ரோல்ல என் பேரு எப்படி வந்திச்சின்னு எழுதணும். எந்தக் கட்டில்ல, யாரு யாருக்கு நடுவுல படுத்திருந்தேன்னு எழுதணும். எங்கப்பா அதப் படிப்பாரு. அந்த வீட்டுக்குள்ள நான் எப்படிப் போறது?" மண் மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டார். "அரை வருஷம் போனா எனக்குப் போகட்டும்னு விட்டுட்டேன். உன் மூணு வருஷம்... முடியல தம்பி. என்னால முடியல."

படகு ஊதியது. அவர் நகரவில்லை. பெட்டியை எடுக்கவும் இல்லை.

"ஏதாவது சொல்லு. திட்டு. உங்கப்பாவுக்காகவாவது திட்டிடு."

நிறைய இருந்தது சொல்ல. ஆறு மாதமாக அவர் மனம் கோணாமல் பேசிப் பேசி, நாக்கு அந்த ஒரு பக்கமே பழகிப்போயிருந்தது. பெட்டியைத் தூக்கி அவர் கையில் கொடுத்தேன்.

"படகு கெளம்புதுங்க அண்ணே. பலக வழுக்கும், பாத்துப் போயிட்டு வாங்க."